வழித்துணையாக வரும் இசை

உழைப்பின் சுமையைப் பாட்டுக் குறைக்கும் என்பது தமிழ் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. ஏற்றம் இறைப்போர் ஏற்றப் பாட்டுப் பாடினர். நாற்று நடும் பெண்கள் நடவுப் பாட்டுப் பாடினர். இரவெல்லாம் பார வண்டி ஓட்டிச் சென்றவர்களுக்குத் தெம்மாங்கு துணையாயிற்று. அந்த வண்டிக்காரரின் குரலோடு போட்டியிட்டவை மாடுகளின் கழுத்து மணியும் சக்கரத்தின் கிறீச்சொலியுமே. இன்று நகரங்களில் காரையோ டாக்சியையோ ஓட்டிச் செல்பவரும் வழித்துணையாக இசையையே நாடுகிறார். ஆனால் அவரைச் சூழ்ந்திருப்பது வேறோர் ஒலி உலகம். அவ்வுலகத்தில் இசை எவ்வளவு நன்மை செய்கிறது, எந்த இடத்தில் அந்த நன்மை தீமையாக மாறுகிறது என்பவை மனோதத்துவ அறிஞர்களும் ஒலியியல் அறிஞர்களும் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினாக்களாகும்.

மும்பையின் காலை நேரம்

இதற்கு மும்பை நகரத்தைவிடப் பொருத்தமான சோதனைக்களம் கிடைப்பது அரிது. செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதியிலுள்ள அலுவலகங்களுக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தூரம் 20 கிலோமீட்டருக்கு உட்பட்டதே. எனினும் சயான் சந்திப்பு, மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், அங்கிருந்து தாதர் வழியாகப் பைகுலாவை நோக்கிச் செல்லும் டாக்டர் அம்பேத்கர் சாலை ஆகியவற்றை அவர் கடக்க வேண்டும். உலக நகரங்களின் போக்குவரத்தை ஆண்டுதோறும் கணக்கிடும் டாம்டாம் என்னும் நிறுவனம், 2018ஆம் ஆண்டுக்கான தன் அறிக்கையில், தான் ஆராய்ந்த 403 நகரங்களுள் மும்பையையே நெரிசலில் முதலாவதாகக் குறிப்பிட்டது. சாலை வெறுமையாக இருக்கும்போது ஆகும் நேரத்தைவிடச் சராசரியாக 65 சதவீதம் கூடுதல் நேரம் ஆகிறது என்று அது கண்டது. அதாவது, 30 நிமிஷப் பிரயாணம் ஏறக்குறைய 50 நிமிஷப் பிரயாணமாக நீண்டுவிடுகிறது.

செம்பூரும் மாதுங்காவும் இசையை நன்கு அறிந்த இடங்கள். 1952ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஸ்ரீ ஷண்முகானந்த சபையின் பெரிய மண்டபம் 1963ஆம் ஆண்டு கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே திறக்கப்பட்டது. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி கச்சேரிகளை நடத்திவருகிறது. இச்சபைகளில் மாலையில் ஒரு ராக ஆலாபனையை நுணுக்கமாகக் கேட்டு மகிழும் ரசிகர், மறுநாள் காலையில் அதே ஆலாபனையின் ஒலிப்பதிவைக் காரில் கேட்க முயன்றால், பாதிக்கு மேல் காதில் விழுவதில்லை என்று குறைப்படுகிறார். பாடகரின் மீதும் குறை இல்லை. கருவியின் மீதும் குறை இல்லை. இதற்கான காரணம் பின்னர் விளக்கப்படும்.

காருக்குள் வானொலி புகுந்த வரலாறு

காரில் வானொலிப் பெட்டியைப் பொருத்தும் வழக்கம் 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. சிகாகோ நகரின் கால்வின் கம்பெனி அவ்வாண்டில் மோட்டரோலா என்ற பெயரில் இத்தகைய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வண்டி ஓட்டுகையில் வானொலி கேட்பது கவனத்தைச் சிதறடிக்கும், ஆகையால் அதைத் தடுக்க வேண்டும் என்ற யோசனையும் அந்நாட்டின் சில பகுதிகளில் அப்பொழுதே எழுந்தது. ஆகவே, இவ்விஷயத்தில் நடைபெறும் விவாதம் காரில் வானொலி புகுந்த நாளிலிருந்தே நடைபெற்றுவருவதாகும்.

இந்தியாவில் ஒழுங்கான ஒலிபரப்பு பம்பாயிலேயே தொடங்கியது. இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் பம்பாய் நிலையம் 1927 ஜூலை 23ஆம் தேதி திறக்கப்பட்டது. திரை இசையையும் மெல்லிசையையும் முதன்மையாகக் கொண்ட விவித பாரதி 1957 அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கிற்று. 1977 ஜூலை 23ஆம் தேதி, சென்னையில் இந்தியாவின் முதற் பண்பலை ஒலிபரப்புத் தொடங்கப்பட்டது.

காரில் செல்வோருக்குப் பண்பலை ஒரு வரப்பிரசாதமாக அமைந்தது. மத்திய அலை ஒலிபரப்பில், இசையானது வானொலி அலையின் வீச்சை ஏற்றியும் இறக்கியும் அனுப்பப்படுகிறது. எஞ்சினில் தோன்றும் மின்பொறியும் அலையின் வீச்சையே பாதிப்பதால், கரகரப்பு இசையோடு கலந்துவிடுகிறது. பண்பலையிலோ வீச்சு மாறுவதில்லை. அதிர்வெண்ணே சிறிது மாற்றப்படுகிறது. ஆகவே மின்பொறியின் தொல்லையைக் கருவி பெரும்பாலும் ஒதுக்கிவிட முடிகிறது. மேலும், மத்திய அலைகளின் நீளம் சுமார் 200 மீட்டர் முதல் 570 மீட்டர் வரையில் இருக்கும். இவ்வளவு நீண்ட அலைகள், இரும்பும் கான்கிரீட்டும் கொண்ட பாலத்தின் அடியிலுள்ள சிறிய இடைவெளிக்குள் நன்கு புகுவதில்லை. பண்பலையின் அலைநீளமோ சுமார் 3 மீட்டர்தான். ஆகையால் மேம்பாலத்தின் அடியில் வண்டி நிற்கும்போதும் பாட்டுத் தொடர்ந்து கேட்கும். ஆனால் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிழக்கு விரைவுச் சாலையில், டிராம்பே குன்றுகளைக் குடைந்து அமைத்தது போன்ற நீண்ட சுரங்கத்தினுள் அந்த அலையும் வலுவிழந்துவிடும். அலைகளை உள்ளே மீண்டும் பரப்பும் சாதனம் இல்லாத சுரங்கங்களில் எல்லாம் இது நேரும்.

நெரிசலில் மனத்தின் நிலை

நெரிசலில் சிக்கியவரின் மனம் எதனால் நோகிறது? நேரம் வீணாவது ஒரு காரணம். தன் செயலால் எதையும் மாற்ற இயலாத நிலை மற்றொரு காரணம். உடல் சும்மா இருந்தாலும் இதயம் விரைந்து துடிக்கிறது. கை ஹார்னை நாடுகிறது.

கனடாவின் டொராண்டோ நகரில் வீசெந்தால், ஹென்னசி, டாட்டன் ஆகிய மூவர் நடத்திய ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. தினந்தோறும் கார் ஓட்டிச் செல்வோரில் ஒரு பகுதியினர் தாமே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டுக்கொண்டு சென்றனர். மற்றவர்கள் இசையும் பேச்சும் இன்றிச் சென்றனர். கடும் நெரிசலின்போது இசை கேட்டவர்களின் மன இறுக்கம் குறைந்திருந்தது. அதே குழுவினர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி, சினத்தால் செய்யும் சிறு செயல்களையும் இசை தணிக்கக்கூடும் எனக் காட்டியது. 2019ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மாலை நெரிசலில் கார் ஓட்டிய பெண்களின் இதயத் துடிப்பை அளந்து, கருவி இசை கேட்ட நாளில் இதயத்தின் மீதான இறுக்கம் குறைந்ததாகக் கண்டனர். எனினும் அதில் பங்கு கொண்டவர்கள் ஐவரே. ஆகையால் அதனை உறுதியான முடிவாகக் கொள்ளாமல், ஒரு குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

இதற்கு மாறான முடிவுகளும் உண்டு. இஸ்ரேலின் பென்–குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் பிராட்ஸ்கி, கார் ஓட்டுவது போன்ற அனுபவத்தைத் தரும் பொறியைக் கொண்டு 2002ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தாளம் விரைவானபோது ஓட்டும் வேகமும் கூடிற்று. சிவப்பு விளக்கைக் கவனியாது செல்வதும், தடம் விலகுவதும், மோதுவதும் துரித தாளத்தின்போது அதிகமாயின. 2013ஆம் ஆண்டு அவரும் ஸ்லோர் என்பவரும், புதிதாக ஓட்டப் பழகிய 85 இளைஞர்களை, அருகே பயிற்சியாளர் அமர்ந்திருக்க, உண்மையான சாலையில் ஓட்டச் செய்தனர். தமக்கு மிகவும் பிடித்த பாடல்களைக் கேட்டுக்கொண்டு ஓட்டியபோது பிழைகள் பெருகின. காருக்கென்றே தனியாக அமைக்கப்பட்ட அடக்கமான இசையைக் கேட்டபோது பிழைகள் குறைந்தன.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவை இரு வேறு பொருள்களைப் பற்றியவை. மனம் இளைப்பாறுவது வேறு. கவனம் கூர்மையாக இருப்பது வேறு. மனக்கிளர்ச்சி மிகக் குறைந்தாலும் செயல்திறன் குன்றும். மிக அதிகரித்தாலும் குன்றும் என்பதை யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அறிஞர்கள் 1908ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். ஒரே வேகத்தில் நீளும் சாலையில் சோர்வுறும் ஓட்டுநரை இசை விழிப்புடன் வைக்கும். ஆனால் நாற்புறமும் மோட்டார் சைக்கிள்களும், பஸ்களும், பாதசாரிகளும் நெருங்கும் சயான் சந்திப்பில் கிளர்ச்சி ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. அங்கே துரித காலப் பாடலை உரக்க வைப்பது, கொதிக்கும் பாலின் அடியில் மேலும் விறகைச் செருகுவதற்கு ஒப்பாகும். விளம்ப காலத்திலோ மத்திம காலத்திலோ அமைந்த, கேட்டுப் பழகிய இசையே அவ்விடத்துக்கு ஏற்றது.

இரைச்சலுக்குள் இசை மறைவது ஏன்?

இனி, காரில் ஆலாபனை கேட்க முடியாமற் போகும் காரணத்தைக் காண்போம். ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேளாதபடி மூடிவிடுவதை ஒலி மறைப்பு என்பர். 1924ஆம் ஆண்டு வெகல், லேன் என்ற இருவர் இதைத் திருத்தமாக அளந்தனர். தாழ்ந்த சுருதியுள்ள உரத்த ஒலி, தன்னைவிட உயர்ந்த சுருதியுள்ள மெல்லிய ஒலிகளையும் எளிதில் மறைத்துவிடும். உயர்ந்த சுருதி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை என்பது அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. எஞ்சினின் முழக்கம், டயர் சாலையில் உராயும் ஒலி, அருகே நிற்கும் லாரியின் அதிர்வு ஆகியவற்றின் சக்தி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே இருக்கிறது. ஆகவே தம்புராவின் மீட்டலும், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரமும், பாடகர் மெல்ல இழைக்கும் கமகங்களும் முதலில் மறைந்துபோகின்றன.

கர்நாடக இசையில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. அமைதியான மண்டபத்தில் இந்த வேறுபாடே அழகாகும். காருக்குள்ளோ அதன் கீழ்ப் பாதி இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. திரைப்பாடல்களின் ஒலிப்பதிவில் மெல்லிய பகுதிகளை உயர்த்தியும் உரத்த பகுதிகளை அடக்கியும் வேறுபாட்டைக் குறைக்கின்றனர். பண்பலை நிலையங்கள் ஒலிபரப்பும்போது அதை மேலும் குறைக்கின்றன. இதனாலேயே நெரிசலில் திரைப்பாடல் தெளிவாகக் கேட்கிறது, ஆலாபனை கேட்பதில்லை.

மெல்லிய பகுதி மறையும்போது ஓட்டுநரின் கை தானாகவே குமிழைத் திருகுகிறது. இரைச்சலில் நிற்கும் மனிதன் தன்னை அறியாமலே உரத்துப் பேசுகிறான் என்பதை 1911ஆம் ஆண்டு பிரெஞ்சு வைத்தியர் லொம்பார் கண்டறிந்தார். வானொலியின் குமிழைத் திருகுவதும் இதைப் போன்றதே. இரைச்சல் ஒரு படி உயர்ந்தால் இசையும் ஒரு படி உயர்கிறது. உயர்த்தியவருக்கு அந்த உயர்வு தெரிவதில்லை.

செவியின் கணக்கு

ஒலியின் வலிமை டெசிபல் என்ற அலகில் அளக்கப்படுகிறது. இது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 3 டெசிபல் உயர்ந்தால் ஒலிச் சக்தி இரு மடங்காகும். 10 டெசிபல் உயர்ந்தால் பத்து மடங்காகும். வயது வந்தவர் ஒரு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபல் அளவுள்ள ஒலியைக் கேட்கலாம் என்பது, இசைக் கருவிகளுக்காக உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 டெசிபலில் 20 மணி நேரம். 86இல் 10 மணி நேரம். 89இல் 5 மணி நேரம். 95 டெசிபலிலோ ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே.

ஓர் உதாரணத்தால் இதை விளங்கிக்கொள்ளலாம். கண்ணாடிகளைத் திறந்து வைத்த வண்டிக்குள் 80 டெசிபல் இரைச்சல் இருப்பதாகக் கொள்வோம். இசை அதற்கு மேலே கேட்க வேண்டி அதனை 83 டெசிபலுக்கு உயர்த்தினால், இரண்டும் சேர்ந்து செவியில் விழுவது சுமார் 85 டெசிபல். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று தினம் 3 மணி நேரம் காரில் கழிப்பவர், அந்த வாரத்துக்கு உரிய பங்கை வியாழக்கிழமையன்றே ஏறக்குறையத் தீர்த்துவிடுகிறார். கண்ணாடிகளை ஏற்றி இரைச்சலை 70 டெசிபலுக்குக் குறைத்தாலோ, 73 டெசிபல் இசையே முன்போலத் தெளிவாகக் கேட்கும். மொத்தம் 75 டெசிபலுக்கு மேற்படாது, கவலைப்பட இடமில்லை. இசை கேட்கும் இன்பத்தில் குறைவில்லை. செவிக்குச் செல்லும் ஒலிச் சக்தியோ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

உட்செவியில் நத்தையின் கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதில் சுமார் 15,000 மயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. பறவைகளுக்கு இந்த அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன, மனிதனுக்கோ முளைப்பதில்லை. முதலில் அவை களைப்படைகின்றன; சில மணி நேர ஓய்வில் தேறுகின்றன. களைப்பு நாள்தோறும் தொடர்ந்தால் ஒரு நாள் தேறாமலே போகின்றன. வலி இராது, சீழ் இராது. கூட்டத்தில் பிறர் பேசுவது புரியவில்லை என்று உணரும்போது சேதம் மிகவும் முற்றியிருக்கும்.

இதை முன்கூட்டியே அறிய விலையில்லாத ஒரு சோதனை உண்டு. மாலையில் வீடு வந்து சேர்ந்ததும் வானொலியின் குமிழைத் தொடாமல் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலையில், எஞ்சினைக் கிளப்பும் முன்னரே வானொலி பேசட்டும். அது காதை அடைக்கும் கூச்சலாகத் தோன்றினால், முந்திய மாலையில் கேட்ட ஒலி அதுவே. சாலையின் இரைச்சல் அதை மூடியிருந்தது என்பது ஒரு காரணம்; செவி களைத்திருக்கக்கூடும் என்பது மற்றொன்று. வீட்டுக்கு வந்த பின்னும் காதில் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டாவது காரணமே உண்மையாகும்.

வண்டியே தொழிலானவர்கள்

குளிர்சாதனக் காரில் செல்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். இந்த வசதி இல்லாதவர்களைப் பற்றியே முக்கியமாகச் சிந்திக்க வேண்டும். செம்பூர் ரயில் நிலையத்தின் வெளியே காத்திருக்கும் ஆட்டோரிக்‌ஷாவுக்குக் கண்ணாடியே இல்லை. எஞ்சினும் ஓட்டுநரின் அருகிலேயே முழங்குகிறது. தீவு நகரத்துக்குள் ஆட்டோரிக்‌ஷாவுக்கு அனுமதி இல்லாததால், அவரது நாள் முழுவதும் செம்பூருக்கும் சயானுக்கும் இடையிலுள்ள நெரிசல் மிகுந்த சாலைகளிலேயே கழிகிறது. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலும், சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையிலும் டாக்சியும் சரக்கு வண்டியும் ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர். தினம் 10 மணி நேரம், வாரம் 6 நாள் உழைப்பவருக்கு 60 மணி நேரம் ஆகிறது. இசையே வைக்காவிட்டாலும், 80 டெசிபல் இரைச்சலில் 40 மணி நேரப் பங்கு நான்காம் நாளோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் அவர் சேர்க்கும் ஒவ்வொரு பாட்டும், தம் செவியின் பிற்கால முதலிலிருந்து எடுத்துச் செலவிடுவதே ஆகும்.

அவரிடம் பாட்டை நிறுத்தச் சொல்வது நியாயமன்று. நீண்ட பகலில் அவருக்குள்ள ஆறுதல் அதுவே. ஆகவே இசையைக் குறைப்பதைவிட, இசை போட்டியிட வேண்டிய இரைச்சலைக் குறைப்பதே உண்மையான பரிகாரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும், வாணிபப் பகுதிகளில் முறையே 65, 55 டெசிபல்களையும் எல்லைகளாக வகுத்துள்ளன. மும்பைப் போலீசார் சில சந்திப்புகளில் ஒரு புதுமையான சோதனையை நடத்தி, 2020 ஜனவரி 31ஆம் தேதி அதை வெளியிட்டனர். சைகை விளக்கோடு ஒலிமானி இணைக்கப்பட்டது. காத்திருப்போர் எழுப்பும் ஹார்ன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால், சிவப்பு விளக்கின் நேரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பொறுமை இழந்து ஹார்ன் அடித்தவர் மேலும் காத்திருக்க நேரிட்டது. நெரிசலில் எழும் இரைச்சலில் ஒரு பகுதி, எவருக்கும் பயனின்றி மனிதர்களே எழுப்புவது என்பதை அச்சோதனை யாவரும் அறியக் காட்டிற்று.

செய்யத்தக்கவை

ஆராய்ச்சிகளிலிருந்து நடைமுறைக்கு உகந்த சில முடிவுகளைப் பெறலாம். கேட்க வேண்டிய பாடல்களை வண்டி புறப்படும் முன்பே தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி வினாடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. பாட்டை மாற்றுவதற்காக 2 வினாடி கண்ணை எடுத்தால் 20 மீட்டர் தூரம் பார்வையின்றிக் கடந்ததாகும். திறந்த சாலையில் சற்று விறுவிறுப்பான இசையும், நெரிசலில் நிதானமான இசையும் பொருந்தும். சந்திப்புகளை நெருங்கும்போது ஒலியைத் தணிப்பது நலம். ஆம்புலன்சின் சங்கொலி செவியில் பட வேண்டும். இயன்றபோது முதலில் கண்ணாடியை ஏற்றி, அதன் பின்னரே குமிழைத் தொட வேண்டும். இரைச்சலை வெல்வதற்காகக் காதில் பொருத்தும் சிறு ஒலிக்கருவிகளை வண்டி ஓட்டுகையில் அணிவது கூடாது. வாடகை வண்டி ஓட்டுவோர் சவாரிக்காகக் காத்திருக்கும் இடைவேளைகளில் வானொலியை நிறுத்தினால் செவிக்கு ஓய்வு கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை செவித்திறனைப் பரிசோதித்துக்கொள்வது அவர்களுக்குக் கண் பரிசோதனையைப் போலவே அவசியமாகும்.

இசை பிரயாணத்தின் தூரத்தைக் குறைப்பதில்லை, நெரிசலையும் கலைப்பதில்லை. மனத்தின் பொறுமையை மட்டுமே அது நீட்டுகிறது. அந்தப் பணியைச் செய்ய இசைக்கு உரத்த குரல் வேண்டியதில்லை. அருகில் சிறிது அமைதி இருந்தால் போதும். அந்த அமைதியை ஓட்டுநர் தமக்குத் தாமே முழுவதும் அளித்துக்கொள்ள முடியாது. பக்கத்து வண்டிக்காரரும் ஒரு பங்கு அளிக்க வேண்டும். சிவப்பு விளக்கின் முன் ஹார்னைத் தொடாமல் காத்திருப்பவர், தம்மை அறியாமலே அடுத்த வண்டியில் ஒலிக்கும் பாட்டுக்கு உதவி செய்கிறார்.